எந்தக் கணக்கில் எழுதுவது? ஈட்டர் உலையும் சுற்றுச்சூழல் பணமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

2021 நவம்பர். தெற்குப் பிரான்சின் கடராஷில் எழும்பிக்கொண்டிருக்கும் ஈட்டர் (ITER) இணைவு உலை, சூரியனுக்குள் நடப்பதுபோல் லேசான அணுக்களை ஒன்றிணைத்து ஆற்றல் எடுக்க முயலும் உலை. அதன் வெப்பக் கவசத்தின் ஒரு பகுதியை ஹீலியம் செலுத்திச் சோதித்தபோது கசிவு தென்பட்டது. ஆராய்ந்து பார்த்தால், குளிர்விக்கும் குழாயில் விரிசல்கள். சில 2.2 மில்லிமீட்டர் ஆழம் வரை இறங்கியிருந்தன. கவசத் தகட்டின் மேல் குழாயை வளைத்துப் பற்றவைத்தபோது உலோகத்துக்குள் ஓர் இறுக்கம் தங்கிவிட்டது. பற்றவைப்பின் இடுக்குகளில் குளோரின் மிச்சம் கொஞ்சம் நின்றுவிட்டது. இரண்டும் சேர்ந்து குழாயை மெல்ல மெல்ல அரித்திருக்கின்றன.

இந்தக் கவசத்தின் வேலை எளியது. உள்ளே 15 கோடி டிகிரிக்குச் சூடேறப்போகும் பிளாஸ்மா, அதாவது மின்னேற்றம் பெற்ற வாயு. வெளியே மைனஸ் 269 டிகிரியில் உறைந்து நிற்கும் மீக்கடத்திக் காந்தங்கள், அதாவது தடையே இல்லாமல் மின்சாரம் ஓடும் கம்பிச் சுருள்கள். நடுவில் நின்று, காந்தங்களை வெப்பம் எட்டாமல் அது காக்க வேண்டும். அதன் மேல் ஓடும் குழாய்களின் மொத்த நீளம் ஏறத்தாழ 23 கிலோமீட்டர். ஓரிடத்தில் இப்படி விரிசல் என்றால் மற்ற இடங்களை எப்படி நம்புவது? போதாக்குறைக்கு, பிளாஸ்மாவைத் தாங்கும் வெற்றிடக் கலனின் துண்டுகள் ஒன்றோடொன்று சேரும் விளிம்புகளும் வரைபடத்தில் உள்ள அளவோடு பொருந்தவில்லை. பிரான்சின் அணுப் பாதுகாப்பு ஆணையம் 2022 தொடக்கத்தில் பற்றவைப்பு வேலைக்கு அனுமதி தராமல் நிறுத்தி வைத்தது. அந்த ஆண்டு மே மாதம் குழிக்குள் இறக்கிய ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட முதல் தொகுதியை, 2023-இல் திரும்ப மேலே தூக்கிப் பிரித்தார்கள். அடுத்த தொகுதி கீழே இறங்கியது 2025-இல்தான்.

விளைவு 2024 ஜூலையில் அதிகாரபூர்வமாக வந்தது. ஆய்வுப் பணிகள் 2034-இல் தொடங்கும். ஹைட்ரஜனின் கனமான வகைகளான டியூட்டீரியமும் டிரிட்டியமும் கலந்த உண்மையான எரிபொருள் 2039-இல் உள்ளே போகும். கூடுதலாக 500 கோடி யூரோ தேவைப்படும். ஒப்பந்தம் கையெழுத்தான 2006-இல் சொல்லப்பட்ட மொத்தச் செலவே ஏறக்குறைய அவ்வளவுதான். முதல் பிளாஸ்மா அப்போது 2016-க்கு வாக்களிக்கப்பட்டிருந்தது.

இந்தச் செய்தி வந்த கையோடு பழைய கேள்வியும் எழுந்தது. காற்றாலையும் சூரியத் தகடும் இன்றைக்கே கிடைக்கும்போது, காடுகளைக் காக்கவும் மீத்தேன் கசிவை அடைக்கவும் பணம் தேவைப்படும்போது, இந்த யானைக்கு ஏன் தீனி போட வேண்டும்? கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: யானையின் தீனியை நிறுத்தினால் அது காற்றாலைக்குப் போய்ச் சேரும் என்பது. அது உண்மையா என்பதைத்தான் இந்த ஆய்வு பார்க்கிறது. நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணைவு ஆய்வுக்குப் பணம் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். ஆனால் அதைக் காலநிலைச் செலவு என்ற தலைப்பில் எழுதக் கூடாது.

ஏழு பேர் கட்டும் வீடு

ஈட்டரின் வேர் 1985-இல் ஜெனீவாவில் ரீகனும் கோர்பச்சேவும் சந்தித்ததில் இருக்கிறது. பனிப்போரின் இரு தரப்பும் சண்டையில்லாமல் சேர்ந்து செய்யக்கூடிய வேலை ஒன்று தேவைப்பட்டது. இணைவு ஆய்வு வாகாகக் கிடைத்தது. ஆக, பிறப்பிலேயே அது ராஜதந்திரத் திட்டம். எரிசக்தி என்பது அதன் இரண்டாவது பெயர். 2006 நவம்பரில் பாரிசில் கையெழுத்திட்டவர்கள் ஏழு பேர்: ஐரோப்பிய ஒன்றியம், சீனா, இந்தியா, ஜப்பான், தென் கொரியா, ரஷ்யா, அமெரிக்கா. உலையை வைத்துக்கொள்ளும் ஐரோப்பாவுக்குச் செலவில் 45 விழுக்காட்டுக்குச் சற்று மேல்; மற்ற ஆறு பேருக்கும் தலா 9 விழுக்காடு.

இதில் கவனிக்க வேண்டியது, பெரும்பகுதியைப் பணமாகக் கொடுக்காமல் பொருளாகக் கொடுக்கிறார்கள் என்பது. ஒவ்வொரு நாடும் தன் பங்குப் பாகங்களைத் தன் ஆலைகளில் செய்து கப்பலில் அனுப்புகிறது. வெற்றிடக் கலனின் ஒன்பது துண்டுகளை ஐரோப்பாவும் கொரியாவும் பிரித்துக்கொண்டன. பெரிய காந்தச் சுருள்களை ஐரோப்பாவும் ஜப்பானும் பங்கிட்டன. எல்லாவற்றையும் மூடும் பிரம்மாண்டக் குளிர்கலன் இந்தியாவிலிருந்து போனது. ஏன் இப்படி? உலை ஓடினாலும் ஓடாவிட்டாலும், செய்த கைக்குத் தொழில் தெரிந்துவிடும் அல்லவா. ஏழு பேரும் உண்மையில் வாங்கியது அந்தக் கைப்பழக்கத்தைத்தான். அதற்கான விலைதான் பொருந்தாத விளிம்புகள்.

இன்னொரு விலையும் உண்டு: மொத்தச் செலவு எவ்வளவு என்று ஒருமித்துச் சொல்ல ஆளில்லை. அமெரிக்க எரிசக்தித் துறை 2018-இல் 6,500 கோடி டாலர் என்றது. ஈட்டர் நிர்வாகம் அதை மறுத்து, அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் கணக்குச் சொன்னது. இரண்டும் பொய்யல்ல. ஒவ்வொரு நாடும் தன் ஆலையில் செய்த பாகத்துக்குத் தன் நாட்டுக் கூலியில் கணக்கு எழுதும்போது, கூட்டிப் பார்ப்பதற்குப் பொதுவான நாணயமே இல்லை. இவ்வளவு பெரிய பொதுச் செலவுக்கு ஒரு கூட்டுத்தொகை இல்லாதது, என் பார்வையில், விரிசலைவிடப் பெரிய குறை.

நிஜமாகவே பணம் இடம் மாறிய தருணம்

மற்ற வேலைகளின் பணத்தை இணைவு ஆய்வு பிடுங்குகிறது என்பவர்களுக்கு ஒரு சான்று உண்டு. அதை மறைக்கக் கூடாது. 2010-இல் ஐரோப்பிய ஆணையம் ஒரு கணக்கை வெளியிட்டது: ஈட்டரில் ஐரோப்பாவின் பங்கு முதலில் சொன்ன 270 கோடி யூரோவிலிருந்து 720 கோடிக்கு ஏறிவிட்டது. உடனடிப் பற்றாக்குறை, 2012, 2013 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் 140 கோடி. அமைச்சர்கள் அவை 660 கோடியில் உச்சவரம்பு கட்டியது. ஆனால் பற்றாக்குறையை எந்தப் பையிலிருந்து நிரப்புவது? மற்ற ஆய்வுகளுக்கான நிதியிலிருந்து ஒரு பகுதி, செலவாகாத வேளாண் நிதியிலிருந்து ஒரு பகுதி என்று யோசனைகள் வந்தன. பசுமைக் கட்சியினர் வெகுண்டார்கள். இந்தப் பணம் புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்குப் போக வேண்டும் என்றார்கள். நாடாளுமன்றத்துக்கும் அமைச்சர்கள் அவைக்கும் இழுபறி நீண்டு, 2011 டிசம்பரில்தான் 130 கோடிக்கு உடன்பாடு வந்தது.

இங்கே பசுமைக் கட்சியினர் பக்கம் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். அவர்கள் கோபத்தின் மூலம் இணைவு இயற்பியல் அல்ல, ஏழாண்டு நிதிச் சட்டகம். ஐரோப்பிய நிதித் திட்டம் ஏழு ஆண்டுகளுக்கு முன்கூட்டியே பூட்டப்படுவது. அந்தப் பூட்டிய பெட்டிக்குள் ஒருவர் பெருத்தால் பக்கத்தில் இருப்பவர் நசுங்கத்தான் வேண்டும். சிறு ஆய்வுக் குழுக்கள், பல்கலைக்கழகக் கூடங்கள், கட்டட வெப்பக் காப்பு ஆய்வுகள் ஆகியவற்றுக்கு மூன்று கோடி என்பதே பெரிய தொகை. 130 கோடி என்பது அவர்கள் மொழியில் இல்லாத சொல். ஒரு தலைப்பில் ஏறும் செலவு அடுத்த தலைப்பின் கழுத்தை நெரிக்காதபடி மதில் இருந்திருக்க வேண்டும். பிறகு அடுத்த நிதித் திட்டத்தில் ஈட்டருக்குத் தனி ஒதுக்கீடும் உச்சவரம்பும் வந்தன. சண்டையின் பயன் அது.

1986: ஒரே கத்தி

ஆனால் ஒரு சான்றை வைத்து முழுக் கதையையும் எழுதிவிட முடியாது. கொஞ்சம் பின்னால் போவோம்.

1976-இல் அமெரிக்காவின் எரிசக்தி ஆய்வு நிறுவனம் இணைவுக்கு ஐந்து வழித்தடங்கள் வரைந்தது. அதிகபட்ச முயற்சி என்றால் 1990 வாக்கில் மாதிரி மின்நிலையம். ஆகக் குறைந்த முயற்சி என்றால் ஒருநாளும் இல்லை. 1980-இல் கார்ட்டர் ஒரு சட்டத்திலும் கையெழுத்திட்டார்: இருபது ஆண்டுகளில் 2,000 கோடி டாலர் என்பது அதன் நோக்கம். பணம் வரவில்லை. நடைமுறையில் கிடைத்த ஒதுக்கீடு, 'ஒருநாளும் இல்லை' என்ற வழித்தடத்துக்கும் கீழே போனது. இணைவு எப்போதுமே முப்பது ஆண்டுகள் தள்ளியே நிற்கிறது என்று கேலி செய்பவர்கள் இந்த வரைபடத்தையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில் காந்தக் கண்ணாடி வகை இணைவு இயந்திரம் ஒன்றை, இரு முனைக் காந்தங்களும் பிளாஸ்மாவை உள்ளே திருப்பி அனுப்பும் வகையை, பல ஆண்டுகள் கட்டினார்கள். செலவு 37.2 கோடி டாலர். 1986 பிப்ரவரியில் கட்டி முடித்தார்கள்; ஒரு சோதனைகூட ஓட்டாமல் மூடினார்கள். அதே 1986-இல், கார்ட்டர் 1979-இல் வெள்ளை மாளிகைக் கூரையில் வைத்திருந்த சூரிய வெந்நீர்த் தகடுகள் 32-ம் கழற்றப்பட்டன. கூரை பழுதுபார்க்கக் கழற்றியவை, திரும்ப ஏறவில்லை. சூரிய ஆய்வுக்கான ஒதுக்கீடு அதற்கு முன்பே ரீகன் ஆட்சியின் முதல் ஆண்டுகளில் பலமாக வெட்டப்பட்டிருந்தது. 1986 தொடக்கத்தில் எண்ணெய் விலையும் சரிந்து பாதியானது. எண்ணெய் மலிவாகக் கிடைக்கும்போது மாற்று எரிசக்தியைப் பற்றி யாருக்குக் கவலை?

இணைவும் சூரியனும் ஒன்றை ஒன்று பறிக்கும் போட்டியாளர்கள் என்றால், ஒன்று வெட்டுப்பட்டபோது மற்றது செழித்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே கத்தியால், ஏறக்குறைய ஒரே காலத்தில் வெட்டுப்பட்டன. கத்தியைப் பிடித்திருந்தது மலிவான எண்ணெய்.

இது எரிசக்திக்கு மட்டுமான கதையும் அல்ல. டெக்சஸில் அணுத்துகள்களை மோதவிட்டு ஆராயும் மீக்கடத்தி மாமோதுகருவியை 1993-இல் அமெரிக்க நாடாளுமன்றம் கைவிட்டபோது, அந்தப் பணம் மற்ற இயற்பியல் துறைகளுக்கு வரும் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். ஏறத்தாழ 200 கோடி டாலர் செலவழித்துத் தோண்டிய சுரங்கம் அப்படியே நின்றது. மிச்சப் பணம் பற்றாக்குறைக் கடலில் கரைந்தது.

நடுநிலைக்காக ஒன்று சொல்ல வேண்டும். லிவர்மோர் இயந்திரத்துக்கு வாழ்வு கொடுத்திருந்தால் வென்றிருக்குமா என்றால், எனக்கு ஐயம்தான். கண்ணாடி வகையின் இரு முனைகளிலும் பிளாஸ்மா ஒழுகும் சிக்கல் முழுதாகத் தீரவில்லை. மாறாக, ஈட்டரைப் போல வளைய வடிவிலான டோக்கமாக் வகைக்குப் பெரிய திருப்பம் 1982-இல் ஜெர்மனியின் கார்ஹிங்கில் எதிர்பாராமல் கிடைத்தது: வெப்பமூட்டலைக் கூட்டியபோது பிளாஸ்மா திடீரென்று தன்னை நன்றாக அடக்கிக்கொண்டது. அதை யாரும் அட்டவணையில் போட்டிருக்கவில்லை. பணம் கொட்டினால் 1990-இல் மின்சாரம் என்ற வழித்தடமும் அந்த அளவில் கற்பனைதான்.

அளவு என்ன?

சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்கில், 2024-இல் சூரிய மின்சாரத்தில் மட்டும் உலகம் போட்ட முதலீடு ஏறத்தாழ 50,000 கோடி டாலர். ஈட்டர் நிர்வாகம் சொல்லும் மொத்தச் செலவை, பல பத்தாண்டுகளுக்கான செலவை, அதோடு வைத்துப் பாருங்கள்: இரண்டு வாரச் சூரிய முதலீட்டுக்குக் கொஞ்சம் மேல். அமெரிக்க எரிசக்தித் துறை சொன்ன பெரிய தொகையையே எடுத்துக்கொண்டாலும் ஏழு வாரத்துக்குள் அடங்கிவிடும். ஈட்டரை நிறுத்தி அந்தப் பணத்தால் காற்றாலை கட்டுவது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

இந்த ஒப்பீட்டில் ஒரு சறுக்கலும் இருக்கிறது. சூரியத் தகடு வாங்கும் பணம் பெரும்பாலும் முதலீட்டாளர் பணம், நாளைக்கே வருமானம் தருவது. ஆய்வுக்குப் போவது அரசுப் பணம். அரசு ஆய்வு நிதியை மட்டும் எடுத்தால் படம் அவ்வளவு சாதகமாக இல்லை. 1974-இல் வளர்ந்த நாடுகளின் எரிசக்தி ஆய்வு நிதியில் ஏறத்தாழ முக்கால் பங்கை, அணுப் பிளவும் அணு இணைவும் சேர்ந்த அணுசக்திதான் விழுங்கியது. காற்றாலையும் மின்கலமும் அன்று பந்தியின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தன. இப்போது அந்தப் பங்கு கால்வாசிக்கும் கீழே வந்துவிட்டது. பழைய அநியாயம் உண்மை; ஆனால் இன்றைக்கு அதே குற்றச்சாட்டை அப்படியே திரும்பச் சொல்ல முடியாது.

அதோடு, இன்று காற்றாலைகளும் சூரியப் பூங்காக்களும் பல நாடுகளில் எதற்காகக் காத்துக் கிடக்கின்றன? மின்தொகுப்பு இணைப்புக்கு, நில அனுமதிக்கு, உயரழுத்தக் கம்பிக்கு. இவற்றில் ஒன்றைக்கூடப் பிளாஸ்மா ஆய்வகத்தை மூடி வேகப்படுத்த முடியாது.

மூன்று கணக்குகள், மூன்று நேர்மைகள்

அப்படியானால் இணைவு ஆதரவாளர்கள் சொல்வதெல்லாம் சரியா? கிடையாது. அவர்கள் தரப்பில் நேர்மை தவறும் இடம், காலநிலையைக் காட்டிப் பணம் கேட்பது.

முதலாவது, நாட்காட்டி. புவி வெப்பம் 1.5 டிகிரியோடு நிற்க வேண்டுமானால், கரியமில வாயு உமிழ்வு 2050 வாக்கில் நிகரச் சுழியமாக வேண்டும் என்பது காலநிலை அறிவியலுக்கான ஐ.நா. குழுவான ஐபிசிசியின் அறிக்கை. ஈட்டர் உண்மை எரிபொருளைத் தொடுவதே 2039-இல். தொட்ட பிறகும் அது மின்சாரம் தராது. 50 மெகாவாட் வெப்பத்தை உள்ளே செலுத்தி 500 மெகாவாட் எடுப்பது இலக்கு, எடுத்த வெப்பம் குளிர்கோபுரம் வழியாகக் காற்றில் போய்விடும். மின்சாரம் அடுத்த உலையின் வேலை. இந்த வண்டியை நம்பி யாராவது நிலக்கரி நிலையத்தை மூடாமல் தள்ளிப்போட்டால் அது தற்கொலைக்குச் சமம்.

இரண்டாவது, வெற்றிச் செய்திகளின் கணக்கு. 2022 டிசம்பர் 5 அன்று லிவர்மோரில் 192 லேசர் கற்றைகள் ஒரு மிளகு அளவு எரிபொருள் குளிகையை நசுக்கின. உள்ளே போன லேசர் ஆற்றல் 2.05 மெகாஜூல், வெளியே வந்தது 3.15. பெரிய சாதனைதான், நானும் அன்று மகிழ்ந்தேன். ஆனால் அந்த லேசர்களை ஒருமுறை சுட மின்தொகுப்பிலிருந்து இழுத்தது ஏறத்தாழ 300 மெகாஜூல். வீட்டு மின்மீட்டர் மொழியில் சொன்னால், 83 யூனிட் செலவழித்து ஒரு யூனிட்டுக்கும் குறைவாகப் பெற்றார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அந்தக் கூடம் கட்டப்பட்டது அணு ஆயுதங்களை வெடித்துப் பார்க்காமல் பரிசோதிக்கும் திட்டத்தின் கீழ், அந்தப் பணத்தில். அதை மூடினால் காடு வளர்ப்புக்கு ஒரு காசு வராது; அதைக் காட்டித் தூய எரிசக்தி என்று கொண்டாடுவதும் பொருந்தாது.

மூன்றாவது, டிரிட்டியம். டியூட்டீரியம் கடல் நீரிலேயே இருக்கிறது, கவலையில்லை. டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டுகள், இயற்கையில் சேமிப்பு என்று ஒன்றுமில்லை. இன்று உலகில் பயன்பாட்டுக்குக் கிடைப்பது சில பத்துக் கிலோதான், பெரும்பாலும் கனடாவின் கனநீர் உலைகளில் துணை விளைபொருளாக வருவது. 1,000 மெகாவாட் இணைவு ஆற்றலை ஓராண்டு முழுக்க எடுக்க 55 கிலோவுக்கு மேல் எரிக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு உலையும், தன் சுவரில் லித்தியத்தை வைத்து, இணைவில் தெறிக்கும் நியூட்ரான் துகள்களால் அடிக்கச் செய்து, தனக்கான டிரிட்டியத்தைத் தானே விளைவித்துக்கொள்ள வேண்டும். அந்தச் சுவர் இன்று வரை முழு அளவில் எங்கும் ஓடிப் பார்க்கப்படவில்லை. ஈட்டரில் மாதிரித் துண்டுகளைத்தான் சோதிப்பார்கள். ஈட்டர் தள்ளிப்போகும் ஒவ்வோர் ஆண்டும் கையிருப்பு டிரிட்டியம் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் தானாகவே கரைகிறது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஏன் பணம் கொடுக்கச் சொல்கிறேன்? இங்கிலாந்தின் கல்ஹாமில் இருந்த ஜெட் (JET) என்ற இணைவு ஆய்வு இயந்திரம், 1983-இல் தொடங்கி நாற்பது ஆண்டு உழைத்த கிழம், மூடப்படுவதற்குச் சற்று முன் 2023 அக்டோபரில் கடைசியாக ஒரு காரியம் செய்தது. 0.2 மில்லிகிராம் எரிபொருளிலிருந்து 69 மெகாஜூல் வெப்பம். அதே வெப்பத்துக்கு ஏறத்தாழ இரண்டு கிலோ நிலக்கரி வேண்டும். உள்ளே செலுத்தியதைவிட வெளியே வந்தது குறைவுதான். ஆனாலும் எரிபொருள் எடைக்கு இப்படி ஒரு விகிதம் காட்டும் பொருளைத் தெரிந்துகொண்டு, ஆராயாமல் விட்டுவிடும் அளவுக்கு ஒரு நாகரிகம் அவசரத்தில் இருக்கக் கூடாது. 2050-க்குப் பிறகும் மனிதர்கள் இருப்பார்கள், எஃகு உருக்குவார்கள், கடல் நீரைக் குடிநீராக்குவார்கள்.

தனியார் பணமும் இப்போது வந்திருக்கிறது. உயர் வெப்பநிலை மீக்கடத்தி நாடாவால் 2021-இல் 20 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப் புலத்தின் அலகு) காந்தத்தை ஓட்டிக் காட்டிய மாசசூசெட்ஸ் நிறுவனத்தின் வேலை எனக்கு நம்பிக்கை தருகிறது: காந்தம் வலுத்தால் உலை சிறுக்கும், உலை சிறுத்தால் தவறுகள் மலிவாகும். 2028-லேயே மின்சாரம் விற்பதாக ஒப்பந்தம் போட்டிருக்கும் இன்னொரு நிறுவனத்தை அந்த அளவுக்கு என்னால் நம்ப முடியவில்லை. தனியார் வந்துவிட்டார்களே, அரசு ஏன் என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்கட்டும்: நியூட்ரான் அடியைத் தாங்கும் உலோகம் எது, டிரிட்டியம் விளையும் சுவர் எப்படி என்ற கேள்விகளுக்கு விடை கண்டால் எல்லோருக்கும் பயன், கண்டவருக்குத் தனி லாபம் குறைவு. அப்படிப்பட்ட வேலைக்குத்தான் பொதுப் பணம்.

என் பரிந்துரை

இணைவு ஆய்வு அடிப்படை அறிவியல் தலைப்பின் கீழ் வர வேண்டும், துகள் முடுக்கிக்கும் விண்வெளித் தொலைநோக்கிக்கும் பக்கத்தில். அதன் செலவு ஏறினால் அந்தத் தலைப்புக்குள்ளேயே சமாளிக்க வேண்டும். காலநிலைத் தலைப்பிலிருந்து ஒரு ரூபாய், ஒரு யூரோ கடன் வாங்கக் கூடாது. ஒதுக்கீடு சிறிதாக இருந்தாலும் ஆண்டுக்கு ஆண்டு அறுபடாமல் வர வேண்டும். 1986 காட்டிய பாடம் அது: பாதியில் நிறுத்திய இயந்திரத்தைப் போல விலை உயர்ந்தது எதுவுமில்லை. ஈட்டருக்கு எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்ட ஒரே கூட்டுத்தொகை அச்சிடப்பட வேண்டும். அதைவிட, பணத்தின் ஈர்ப்பு மையம் ராட்சத உலையிலிருந்து நியூட்ரான் அடியைத் தாங்கும் உலோகங்களின் சோதனைகளுக்கும் லித்தியச் சுவருக்கும் நகர வேண்டும்.

2034-இல் ஈட்டர் தொடங்காமல் இன்னோர் அட்டவணை வந்தால், அல்லது மாதிரித் துண்டுகளிலேயே டிரிட்டியம் போதிய அளவு விளையாது என்று தெரிந்தால், ராட்சத உலைக்கான பணத்தை நிறுத்தச் சொல்லும் வரிசையில் நானும் நிற்பேன். அப்போதும், மிஞ்சும் பணம் எங்கே போகும் என்பதை நிறுத்துவதற்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்வேன்.